வெற்றிடம் எனப் பெயர் பெற்ற இடம்: உயிரணுவின் சேமிப்பும் செரிமானமும் தாங்கலும்

மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர்க்கு இரண்டு உண்மைகள் ஏட்டுக்கல்வி இன்றியே தெரிந்திருந்தன. வெயில் ஏறுமுன் மரத்தைச் சீவினால் பால் மிகுதியாக வடியும். பொழுது ஏறியபின் சீவினால் குறையும் என்பது ஒன்று. சீவிய காயம் திறந்தே கிடந்தாலும் சில மணி நேரத்தில் பால் தானாகவே நின்றுவிடும் என்பது மற்றொன்று. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளோடு இருளாக நிரைக்குச் சென்றவர்களும், மங்குகளைத் துடைத்து ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பிள்ளைகளும் இவ்வுண்மைகளை நாள்தோறும் கண்டவர்கள். இவை ஏன் அவ்வாறு நிகழ்கின்றன என்னும் வினாவிற்கு விடை, கண்ணுக்குப் புலப்படாத உயிரணுவினுள் இருக்கிறது.

அந்த விடையை அறிவுலகம் எளிதில் அடைந்துவிடவில்லை. உயிரணு தன் பொருள்களை எங்கே சேமிக்கிறது, எவ்வாறு செரிக்கிறது, எதனால் தாங்கி நிறுத்துகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆயின. இவ்வரலாற்றில் கருவிகளின் குறை மட்டும் தடையாக இருக்கவில்லை. சூட்டிய பெயர்களும் சில வேளைகளில் தடையாக நின்றன. மொழியை வளர்க்கும் அவையொன்றின் உரைவரிசையில் உயிரியல் வரலாற்றைப் பேச நாம் துணிவது இதனால்தான். ஒரு பொருளுக்கு என்ன பெயரிடுகிறோம் என்பது, அப்பொருளை நாம் தேடுவோமா, புறக்கணிப்போமா என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறது.

1. ஒன்றுமில்லை என்ற பெயர்

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டு வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலில், தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியில் கண்டு வரைந்தார். சிறுசிறு அறைகளாகத் தெரிந்தவற்றை அவர் 'செல்' என்று அழைத்தார். 'செல்' என்பது சிற்றறையைக் குறிக்கும் சொல். அவர் கண்டவை இறந்துபோன உயிரணுக்களின் சுவர்களே. உள்ளே இருந்தவை எப்போதோ மறைந்துவிட்டன. ஆகவே உயிரணுவின் முதற்பெயரே உள்ளடக்கத்தைக் கூறாமல் சுவரைக் கூறும் பெயராக அமைந்தது.

உள்ளே இருந்தவற்றின்மீது கண் படுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு கழிந்தது. இத்தாலியரான ஸ்பல்லன்சானி, நீரில் வாழும் ஓரணு உயிர்களுக்குள் விண்மீன் வடிவில் சுருங்கி விரியும் அமைப்புகளை 1776ஆம் ஆண்டு பதிவு செய்தார். அவை மூச்சுவிடும் உறுப்புகள் என்பது அவர் கருத்து. உடலினுள் புகும் மிகைநீரை வெளியேற்றும் பைகளே அவை என்பது பின்னரே தெளிவாயிற்று. 1841ஆம் ஆண்டு பிரெஞ்சு உயிரியலார் டியூஜார்டின் அவற்றுக்கு 'வாக்குவோல்' என்று பெயரிட்டார். வெறுமை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அடுத்த ஆண்டே ஜெர்மானியரான ஷ்லைடன் அப்பெயரைத் தாவர உயிரணுவின் நடுவே சாறு நிறைந்த பகுதிக்கும் வழங்கினார்.

ஒளியைத் தடுக்காமல் தெளிவாகத் தெரிந்த இடம், ஒன்றுமில்லாத இடமாகக் கருதப்பட்டது. இதற்காக அந்நாளைய அறிஞர்களை நாம் குறை கூறுதல் தகாது. அவர்களுடைய உருப்பெருக்கிக்கு அது வெறுமையாகவே தெரிந்தது. ஆயினும் முதிர்ந்த தாவர உயிரணுவொன்றில் அந்த 'வெறுமை'யே பெரும்பகுதி. பல உயிரணுக்களில் அது மொத்தக் கொள்ளளவில் 80 விழுக்காட்டையும் கடக்கிறது. கரும்பின் இனிப்பும், எலுமிச்சையின் புளிப்பும், பல மலர்களின் செந்நிறமும் நீலநிறமும் அங்கேதான் இருப்பு வைக்கப்பட்டுள்ளன. விதைகளில் முளைக்கு வேண்டிய புரதம் அங்கேயே சேர்கிறது. உயிரணுவின் களஞ்சியத்தைக் கண்டவர்கள், அதற்குப் பாழறை என்று பெயர் எழுதிவிட்டார்கள்.

இந்தப் பார்வையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டச்சுத் தாவரவியலார் ஹியூகோ டி விரிஸ். உப்புக் கரைசலில் இட்ட உயிரணு நீரை இழந்து சுருங்குவதையும், நல்ல நீரில் இட்டதும் மீண்டும் விம்முவதையும் அவர் ஆராய்ந்தார். நடுவில் உள்ள சாற்றைச் சுற்றி ஒரு சவ்வு இருந்தாலன்றி இது நிகழாது என உணர்ந்த அவர், 1885ஆம் ஆண்டு அச்சவ்வுக்கு 'டோனோபிளாஸ்ட்' என்று பெயரிட்டார். இழுவிறைப்பு என்னும் கருத்தைத் தாங்கிய கிரேக்கச் சொல் அதன் முன்பாதியில் நிற்கிறது. இம்முறை பெயர் தோற்றத்தைக் கூறவில்லை, வேலையைக் கூறிற்று. சாற்றில் கரைந்துள்ள உப்பும் சர்க்கரையும் நீரை உள்ளிழுக்கின்றன. உட்புகுந்த நீர் சவ்வையும் அதன்வழியே சுவரையும் அழுத்துகிறது. எலும்பில்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது அந்த அழுத்தத்தால்தான். நீர் ஊற்ற மறந்தால் அது தலை சாய்வதும் அந்த அழுத்தம் குறைவதால்தான். வெற்றிடம் எனப் பெயர் பெற்ற இடமே செடியைத் தாங்கி நிறுத்துகிறது.

டி விரிஸ், தம் நண்பரும் வேதியியலாருமான வான்ட் ஹாஃபுக்குத் தாவரவியலார் ஃபெஃபர் செய்திருந்த சவ்வழுத்த அளவீடுகளைச் சுட்டிக்காட்டினார். கரைசல்களின் ஊடுபரவல் அழுத்தம் பற்றிய விதி அதன்வழி உருவாயிற்று. 1901ஆம் ஆண்டு வழங்கப்பட்ட முதல் வேதியியல் நோபெல் பரிசு வான்ட் ஹாஃபுக்குக் கிட்டியதற்கு அவ்விதியும் ஒரு காரணம். ஒன்றுமில்லை என்று கருதப்பட்ட இடத்தைப் பற்றிய ஆய்வு, வேதியியலின் அடிப்படை விதியொன்றுக்கு வழிகோலியது.

2. பிழை என்று தோன்றிய எண்

உயிரணு உணவை விழுங்குகிறது என்பது மெச்னிகோஃப் என்னும் ரஷ்ய அறிஞரால் தெளிவாயிற்று. 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், ஒளி ஊடுருவும் விண்மீன் உயிரியின் இளவுயிரியில் அவர் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் அம்முள்ளை நகரும் உயிரணுக்கள் சூழ்ந்திருந்தன. நோய்க்கிருமிகளையும் இத்தகைய உயிரணுக்கள் விழுங்கிச் செரிக்கின்றன என்று அவர் வாதிட்டார். 1908ஆம் ஆண்டு நோபெல் பரிசும் பெற்றார். ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. கிருமியையே கரைக்கும் நீர்மங்கள் உயிரணுவுக்குள் இருப்பின், அவை அவ்வுயிரணுவையே ஏன் கரைத்துவிடவில்லை?

விடை, அதைத் தேடாத ஒருவரிடம் வந்து சேர்ந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிறிஸ்டியன் டி டூவ், இன்சுலின் கல்லீரலில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறிய முனைந்தவர். அதற்காகச் சர்க்கரையோடு தொடர்புடைய நொதியொன்று எலிக் கல்லீரலின் எப்பகுதியில் உள்ளது எனக் காண வேண்டியிருந்தது. ஒப்பீட்டுக்காக அமில ஃபாஸ்பட்டேஸ் என்னும் மற்றொரு நொதியையும் அவருடைய குழுவினர் அளந்தனர். இது 1949ஆம் ஆண்டு நடந்தது.

அளவு தவறாக வந்தது. வேகமாகச் சுழலும் அலகுகளால் திசுவை அரைத்தபோது கிடைத்த நொதிச் செயற்பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இப்போது கிட்டிற்று. இம்முறை அவர்கள் திசுவை மென்மையாக நசுக்கியிருந்தனர். ஏதோ கைத்தவறு என்றே முதலில் எண்ணத் தோன்றும். மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஐந்து நாள்கள் கழித்து மீண்டும் அளந்தபோது எதிர்பார்த்த எண் வந்தது. பிழை நீங்கிவிட்டது என மகிழ்ந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குச் சென்றிருக்கலாம். டி டூவ் அவ்வாறு செய்யவில்லை. முதல் நாளும் நொதி அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏதோ ஒன்றினுள் அடைபட்டிருந்தது. நாள் செல்லச் செல்ல அந்த உறை சிதைந்து நொதி வெளிப்பட்டது என்று அவர் கருதினார். வேகமாக அரைத்தபோது முழு அளவு கிட்டியதற்கும் இதே விளக்கம் பொருந்திற்று. சுழலும் அலகுகள் அவ்வுறைகளைக் கிழித்துவிட்டிருந்தன.

இன்சுலின் ஆய்வு ஒதுங்கிற்று. அடுத்த ஆறாண்டுகளில், ஆல்பர்ட் கிளாட் வகுத்த சுழற்சிப் பிரிப்பு முறையை மேலும் நுட்பமாக்கி, அமிலச் சூழலில் செயற்படும் ஐந்து நொதிகள் ஒரே வகைப் பைகளில் அடங்கியிருப்பதை லூவன் குழுவினர் காட்டினர். 1955ஆம் ஆண்டு அப்பைகளுக்கு 'லைசோசோம்' என்ற பெயர் சூட்டப்பட்டது; கரைக்கும் உடலம் என்பது அதன் பொருள். ஒரு செய்தியை இங்கே நாம் வலியுறுத்த வேண்டும். பெயர் சூட்டியபோது அதை உருப்பெருக்கியில் எவரும் அடையாளம் கண்டிருக்கவில்லை. அளவீடுகளிலிருந்து மட்டுமே அது உய்த்துணரப்பட்டது. அதே ஆண்டில் லூவனுக்கு வந்த அமெரிக்க அறிஞர் நோவிகோஃப், பிரித்தெடுத்த பகுதியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துச் சவ்வு சூழ்ந்த அடர்ந்த உடலங்களைக் கண்டார். கண்ணால் கண்டு பெயரிட்ட டியூஜார்டினின் பெயர் பிழைபட்டது. காணாமலே வேலையை அறிந்து பெயரிட்ட டி டூவின் பெயர் நிலைபெற்றது.

மெச்னிகோஃப் விட்டுச்சென்ற புதிரும் அவிழ்ந்தது. கரைக்கும் நொதிகள் சவ்வுக்குள் அடைபட்டுள்ளன. மேலும் அவை அமிலத்தில்தான் திறம்படச் செயற்படும். பைக்குள் அமிலத்தன்மை pH 5 அளவிலும், வெளியே ஏறக்குறைய நடுநிலையிலும் இருப்பதால், சிறிது கசிந்தாலும் பெருங்கேடு விளைவதில்லை.

இக்கண்டுபிடிப்பு ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. நெதர்லாந்தின் மருத்துவர் போம்ப், 1932ஆம் ஆண்டு, இதயம் பெருத்து இறந்த ஏழு மாதக் குழந்தையொன்றின் தசைகளில் கிளைக்கோஜன் அளவிறந்து தேங்கியிருந்ததை வெளியிட்டார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் தம் நாட்டின் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்த அவர், 1945ஆம் ஆண்டு ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்டார். லைசோசோம் என்னும் பெயரையே அறியாமல் அவர் மறைந்தார். 1963ஆம் ஆண்டு, லூவனில் டி டூவின் உடன் பணியாற்றிய ஏர்ஸ், அந்நோயில் லைசோசோமின் நொதிகளுள் ஒன்று இல்லாதிருப்பதைக் கண்டார். செரிக்கும் நொதி இல்லாததால் சேமிப்பே நோயாகியிருந்தது. அந்நொதியை ஊசிவழி செலுத்தும் மருத்துவம் 2006ஆம் ஆண்டு ஏற்பளிக்கப்பட்டது. குளிர்பெட்டியில் கிடந்த மாதிரியின் முரண்பட்ட எண்ணிலிருந்து இம்மருத்துவம் வரை, வழி ஒன்றே.

3. மறைந்து நின்ற சட்டகம்

மூன்றாம் வினா தாங்கல் பற்றியது. தாவர உயிரணுவுக்குச் சுவர் உண்டு. விலங்கின் உயிரணுவுக்குச் சுவர் இல்லை. ஆயினும் நரம்பணு நீண்டு கிடக்கிறது; குருதியின் செவ்வணு தட்டுப்போல் வடிவம் காக்கிறது. வெறும் கூழாக இருப்பின் இவ்வடிவங்கள் எவ்வாறு நிலைக்கும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரஷ்ய உயிரியலார் கோல்ட்சோவ், உயிரணுவுக்குள் வடிவம் காக்கும் இழைகள் இருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். 1931ஆம் ஆண்டு பிரான்சின் வின்ட்ரெபெர் அதற்கு 'உயிரணுவின் எலும்புக்கூடு' என்னும் பொருளில் ஒரு பெயரும் இட்டார்.

பெயர் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை. 1942ஆம் ஆண்டு ஹங்கேரியில் ஸ்ட்ராப் ஆக்டின் புரதத்தைப் பிரித்தபோதும், அது தசைக்கே உரியது என நெடுங்காலம் கருதப்பட்டது. மின்னணு நுண்ணோக்கி வந்த பின்னரும் நுண்குழல்கள் பெரும்பாலும் தென்படவில்லை. காரணம் வியப்புக்குரியது. பார்ப்பதற்காக உயிரணுவைப் பதப்படுத்திய முறையே அவற்றை அழித்துவந்தது. குளிரில் செய்த பதப்படுத்தலில் நுண்குழல்கள் கரைந்துவிடும். அமெரிக்காவில் பணியாற்றிய ஷின்யா இனோவே, 1950களில் முனைவாக்கிய ஒளியைக் கொண்டு, பிரியும் உயிரணுவின் கதிரிழைகளை உயிருள்ள நிலையிலேயே காட்டியிருந்தார். குளிர்வித்தால் அவை மறைவதையும், வெதுவெதுப்பாக்கினால் மீள்வதையும் அவரே காட்டினார். 1963ஆம் ஆண்டு குளூட்டரால்டிஹைடு என்னும் பதப்படுத்தும் பொருள் அறிமுகமானதும் திரை விலகியது. அதே ஆண்டில் லெட்பெட்டரும் போர்ட்டரும் தாவர உயிரணுவிலும், ஸ்லாட்டர்பேக் ஹைட்ராவிலும் நுண்குழல்களைத் தெளிவாகக் காட்டினர். அவற்றின் குறுக்களவு ஏறக்குறைய 25 நானோமீட்டர்.

இவ்விடத்தில் நம் நிலத்துப் பூவொன்று நினைவுக்கு வருகிறது. நுண்குழல்களைக் கலைக்கும் கால்சிசின் என்னும் நஞ்சு, ஐரோப்பியச் செடியொன்றிலும், தமிழர் காந்தள் என்றழைத்த செடியின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது. கால்சிசின் உயிரணுவில் எதனோடு பிணைகிறது எனத் தேடிய போரிசியும் டெய்லரும், 1967ஆம் ஆண்டு நுண்குழலின் புரதத்தைக் கண்டனர். மறு ஆண்டு ஜப்பானின் மோரி அதற்கு 'டியூபுலின்' என்று பெயரிட்டார்.

இச்சட்டகத்தை எலும்புக்கூடு என்றது ஓரளவே பொருந்தும். 1984ஆம் ஆண்டு மிட்சிசனும் கிர்ஷ்னரும், நுண்குழல்கள் இடையறாது வளர்வதையும் திடீரெனக் குலைவதையும் விளக்கினர். எலும்பைக் காட்டிலும், கட்டடம் எழுப்புவோர் கட்டியும் பிரித்தும் வேறிடத்தில் நிறுத்தும் சாரம் இதற்கு நல்ல உவமை. அடுத்த ஆண்டு, கணவாயின் நரம்பிழையை ஆராய்ந்த அறிஞர்கள், நுண்குழலின்மீது சுமையை இழுத்துச் செல்லும் கைனசின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஆகவே சட்டகம் தாங்குவதோடு நில்லாமல் பாதையாகவும் விளங்குகிறது. லைசோசோம்கள் உரிய இடத்திற்குச் செல்வதும் இப்பாதை வழியேதான்.

4. மூன்றும் ஒன்றாகும் இடம்

பாடநூலில் சேமிப்புக்கு ஒரு பத்தி, செரிமானத்திற்கு ஒரு பத்தி, தாங்கலுக்கு ஒரு பத்தி எனப் பிரித்து எழுதுவது கற்பித்தலுக்கு எளிது. உயிரணு அவ்வாறு பிரிந்து நடப்பதில்லை. இதை நன்கு காட்டியவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. 1988ஆம் ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தமக்கென ஒரு சிறு ஆய்வகம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. பலரும் குப்பைத்தொட்டி என்று ஒதுக்கியிருந்த ஈஸ்ட்டின் வாக்குவோலை அவர் தேர்ந்துகொண்டார். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினியிட்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். சில மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் சிறு உருண்டைகள் வந்து குவிந்து துள்ளின. உணவில்லாத உயிரணு தன் உடலின் பகுதிகளையே பொதிந்து செரிக்க அனுப்புகிறது. செரிக்கும் நொதி இல்லாமையால் பொதிகள் தேங்கின. 'தன்னுண்ணல்' என்னும் பொருளில் இந்நிகழ்வுக்கு 1963ஆம் ஆண்டே பெயரிட்டிருந்தவர் டி டூவ். ஓசுமியின் குழுவினர் அதற்கு இன்றியமையாத மரபணுக்களை இனங்கண்டு, 15 வகைத் திரிபுகளை 1993ஆம் ஆண்டு வெளியிட்டனர். 2016ஆம் ஆண்டு ஓசுமிக்கு நோபெல் பரிசு கிட்டியது. ஈஸ்ட்டில் களஞ்சியமும் செரிமானப் பையும் ஒன்றே என்பது இதனால் உலகறிந்த செய்தியாயிற்று.

இனி நாம் தொடங்கிய பால்மரத்திற்குத் திரும்புவோம். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளோடு இந்நிலப்பகுதியில் அம்மரத்தின் வரலாறு தொடங்குகிறது. மரத்தைக் கொல்லாமல், பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி 1890களில் வகுத்தார். அந்த உளி தொடுவது எதை? பட்டையின் உட்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்து குழாயாகிவிட்ட உயிருள்ள உயிரணுக்களை. மங்கில் வடியும் பால், அவ்வுயிரணுக்களின் உள்ளடக்கமே.

இரவில் இலைகள் மிகக் குறைவாகவே நீரை இழக்கின்றன. ஆகவே விடியுமுன் அக்குழாய்களில் நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும். 1964ஆம் ஆண்டு பட்டரியும் போட்மனும் வெளியிட்ட அளவீடுகளின்படி, அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கையும் கடக்கக்கூடும். வெயில் ஏற ஏற அது தளரும். கீரைத்தண்டை நிமிர்த்தும் அதே விறைப்புத்தான் பாலை வெளியே தள்ளுகிறது. நம் முன்னோர் இருளில் எழுந்ததற்கு உயிரணு தரும் காரணம் இதுவே.

பால் தானாக நிற்பதற்கும் காரணம் உண்டு. பாலில் ரப்பர்த் துகள்களோடு, சவ்வு சூழ்ந்த 'லூட்டாய்டு' என்னும் நுண்பைகளும் மிதக்கின்றன. அவற்றினுள் அமிலத்தன்மையும், மக்னீசியம், கால்சியம் அயனிகளும், செரிக்கும் நொதிகளும் அடங்கியுள்ளன. 1966ஆம் ஆண்டு மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்விதழில் பாக்கியநாதன், போட்மன், டேய்சம் ஆகியோர் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். சீவியதும் அழுத்தம் தளர, சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீர் குழாய்க்குள் புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. அப்போது துகள்கள் திரண்டு குழாயின் வாயை அடைக்கின்றன என்பது அது. சவுத்தோர்ன் 1968ஆம் ஆண்டு மின்னணு நுண்ணோக்கியில் வெட்டுவாயை ஆராய்ந்து, உடைந்த லூட்டாய்டுகளின் பங்கைக் காட்டினார். பை உடைந்ததும் உள்ளிருந்தவை ரப்பர்த் துகள்களை உறையச் செய்து அடைப்பாகின்றன. அதே ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் புஜார்நிஸ்க்ல், லூட்டாய்டுகள் லைசோசோமின் இயல்பு கொண்டவை என்று எழுதினார்.

ஆகவே ஒரு துளிப் பாலில் நாம் கூறிவந்த யாவும் உள்ளன. சேமிக்கும் பையும் செரிக்கும் பையும் ஒன்றாகி நிற்கின்றன. குளிர்பெட்டியில் உறை சிதைந்து நொதி வெளிப்பட்டதை லூவனில் ஐந்து நாள்கள் கழித்துக் கண்டனர். அதற்கு நிகரான ஒன்று தோட்டங்களில் நாள்தோறும் காலையில் நிகழ்ந்துகொண்டிருந்தது. பாலோட்டத்தை நீட்டிக்கும் எத்திஃபோன் என்னும் ஊக்கி 1960களின் இறுதியில் வந்ததும் இத்தகைய ஆய்வுகளின் சூழலில்தான். அதை அளவின்றிப் பூசினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும் என்பதும் பின்னர்க் கண்ட உண்மை. காயத்தை அடைக்க மரம் வைத்திருக்கும் காவலை ஓர் எல்லைவரைதான் நாம் தளர்த்தலாம்.

5. பெயரும் பாடமும்

தமிழில் இப்பொருள்களுக்குப் பெயரிட்டவர்களும் இதே வரலாற்றின் வழியே நடந்திருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களின் 'புன்வெற்றிடம்' என்னும் சொல், டியூஜார்டினின் வெறுமையை அப்படியே தமிழாக்கியது. தமிழ்நாட்டு நூல்களின் 'நுண்குமிழ்' வெறுமையைக் கைவிட்டு வடிவத்தைக் கூறுகிறது. ஆனால் உயிரணுவின் பெரும்பகுதியை நிரப்பும் பையை 'நுண்' என்பது தாவரங்களுக்குப் பொருந்துவதாக இல்லை. இரண்டையும் ஆக்கியவர்கள் அரும்பணி ஆற்றியவர்களே. மூலப் பெயரின் பிழை அவர்களுடையதன்று. எனினும், மூலச்சொல்லின் வேரை மட்டும் பார்த்துப் பெயர்த்தால், 180 ஆண்டுகளுக்கு முந்திய மயக்கத்தையும் சேர்த்தே பெயர்த்துவிடுகிறோம். பொருளின் வேலையை அறிந்து பெயரிடுதலே நிலைக்கும் என்பதை லைசோசோமின் வரலாறு காட்டுகிறது. 'சாற்றுப்பை', 'செரிபை', 'உயிரணுச் சாரம்' போன்றவற்றை மாணவரே ஆக்கிப் பார்க்கட்டும். அவை அகராதியில் ஏறாவிடினும் கேடில்லை. ஒரு சொல்லை ஆக்க முயன்ற மாணவர், அப்பொருள் என்ன செய்கிறது என்பதை மறக்கமாட்டார்.

நம் பிள்ளைகளுள் பலர் தொடக்கப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்று, இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ உயிரணுவைச் சந்திக்கிறார்கள். சிங்கப்பூரில் தொடக்கம் முதலே அறிவியல் ஆங்கிலத்தில் அமைகிறது. ஆகவே உயிரணுவின் உள்ளுறுப்புகள் அவர்களுக்குப் பெரும்பாலும் படத்தில் அம்புக்குறியிட்டு எழுதும் பெயர்களாக மட்டும் நின்றுவிடுகின்றன. தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் கைகோத்து, ஒவ்வொரு பெயரின் பின்னும் உள்ள மனிதரையும் மயக்கத்தையும் திருத்தத்தையும் ஒரு பாடவேளையில் எடுத்துரைத்தால், அப்பெயர்கள் உயிர்பெறும். குடும்பத்தில் பால்மரம் சீவிய மூத்தோர் இருப்பின், அவர்களிடம் இரண்டு வினாக்களைக் கேட்டு வருமாறு மாணவரைப் பணிக்கலாம். ஏன் விடியுமுன் சென்றீர்கள்? பால் எப்போது நின்றது? அவர்கள் கூறும் விடையைக் குறித்துவந்து வகுப்பில் படித்தபின், உயிரணுவின் படத்தைக் கரும்பலகையில் வரையலாம்.